தகட்டிலிருந்து எழும் இரயில் எந்திரம்



பள்ளி விடுமுறைக் காலத்தில் நான் செய்து பார்த்த ஒரு கைவேலையைப் பற்றியும், அந்தக் கைவேலைக்குப் பின்னால் உள்ள ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். கைவேலை என்றதும் காகிதப் பூ, களிமண் பொம்மை என்று எண்ணிவிட வேண்டா. அமிலத்தால் அரித்து வெட்டப்பட்ட உலோகத் தகடுகளைக் கொண்டு நீராவி இரயில் எந்திரத்தின் சிறிய மாதிரியை உருவாக்கும் வேலை அது. பிரித்தானியாவில் இதனை ஒரு பொழுதுபோக்காக மட்டுமன்றி ஒரு கல்வியாகவே பலர் மேற்கொண்டு வருகின்றனர்.

அஞ்சலில் வந்த பெட்டியைத் திறந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. உள்ளே எந்திரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. புத்தக அளவில் இரண்டு மூன்று மெல்லிய தகடுகள், சில வார்ப்புத் துண்டுகள், ஒரு சிறு பையில் திருகாணிகள், சில பக்கங்கள் கொண்ட செய்முறைக் குறிப்பு, ஒரு வரைபடம். அவ்வளவுதான். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அதனுள் எந்திரத்தின் பக்கச் சுவர்கள், அடிச்சட்டங்கள், ஏணிப்படிகள், கைப்பிடிகள் எல்லாம் தட்டையாகப் படுத்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் நூல் போன்ற ஒரு சிறு இணைப்பால் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தகடு எங்கிருந்து வந்தது? இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் போனபோது, மாதிரி என்பது உண்மைப் பொருளுக்குப் பின்னால் வருவது என்று நான் அதுவரை கொண்டிருந்த எண்ணமே தவறு என்று தெரிந்தது.

<b>மாதிரியிலிருந்து பிறந்த வரலாறு</b>

நீராவி எந்திரத்தின் வரலாற்றில் மாதிரிக்கு ஒரு தனியிடம் உண்டு. ஜேம்ஸ் வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராகப் பணிபுரிந்தவர். 1763, 1764ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த நியூகோமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்ப்பதற்காக அவரிடம் வந்தது. வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட மாதிரி அது. அதன் சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் நகரும் தொலைவு 6 அங்குலம்.

வாட் அதனைச் சரிசெய்தார். எனினும், சில தடவை மேலும் கீழும் அசைந்த பின்னர் கொதிகலனில் நீராவி தீர்ந்து எந்திரம் நின்றுவிடும். பெரிய எந்திரம் நாள் முழுவதும் ஓடுகிறது. அதே அமைப்பில் செய்த சிறிய எந்திரம் ஏன் ஓடவில்லை? வேறொருவர் மாதிரிதானே என்று விட்டிருப்பார். வாட் விடவில்லை. அளந்து பார்த்தார், சோதித்துப் பார்த்தார். ஒவ்வோர் அசைவின் போதும் சிலிண்டரைக் குளிரவைத்து மீண்டும் சூடேற்றுவதிலேயே பெரும்பகுதி நீராவி வீணாகிறது என்று கண்டார். சிறிய சிலிண்டரில் உள்ளிருக்கும் கொள்ளளவை ஒப்பிடும்போது சுவரின் பரப்பு அதிகம். ஆகவே, பெரிய எந்திரத்தில் மறைந்திருந்த குறை சிறிய மாதிரியில் வெளிப்பட்டுவிட்டது. 1765ஆம் ஆண்டில் நீராவியைக் குளிரவைப்பதற்குத் தனிக்கலன் அமைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1769ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த மாதிரி இன்றும் கிளாஸ்கோவில் உள்ள ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரயில் எந்திரமும் முதலில் மாதிரியாகத்தான் ஓடியது. வாட்டின் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் மர்டாக், 1784ஆம் ஆண்டில் கார்ன்வால் பகுதியில் உள்ள ரெட்ரூத் என்னும் ஊரில், மூன்று சக்கரங்கள் கொண்ட சிறிய நீராவி வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். ஓர் இரவு அது அவர் கையை விட்டு ஓடியதாகவும், எதிரே வந்த பாதிரியார் தீயைக் கக்கும் அதன் உருவத்தைக் கண்டு அஞ்சி அலறியதாகவும் ஒரு கதை கூறப்படுகிறது. அதற்குப் பின்னர் 20 ஆண்டுகள் கழித்து, 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எந்திரம் வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்பை இழுத்துச் சென்றது. 1829ஆம் ஆண்டு அக்டோபரில் ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீபன்சனின் ராக்கெட் வென்றது. இவ்விரண்டையும் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். மர்டாக்கின் சிறு வண்டியைப் பற்றி நாம் அவ்வளவாகப் படிப்பதில்லை.

<b>பொம்மையும் மாதிரியும்</b>

இரயில் வந்தபின் இரயில் பொம்மையும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பொம்மைத் தொழிற்சாலைகள் தகர இரயில்களை உலகெங்கும் அனுப்பின. பிரித்தானியாவில் நார்தாம்டன் நகரத்து பாசெட் லோக் நிறுவனமும், ஹென்றி கிரீன்லி என்னும் வடிவமைப்பாளரும் இப்பொம்மைகளை உண்மை எந்திரங்களின் தோற்றத்திற்கு நெருக்கமாகக் கொண்டுவந்தனர்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் என்ன வேறுபாடு? இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். பிரித்தானியாவில் பெரும்பாலோர் பயன்படுத்தும் மாதிரி அளவு, உண்மையில் ஓர் அடியாக உள்ளதை 4 மில்லிமீட்டராகக் காட்டுவது. அதாவது 76இல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அளவோ ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். பிரித்தானிய எந்திரங்கள் ஐரோப்பிய எந்திரங்களைவிட உடல் சிறியவை. ஏனெனில் அங்குள்ள பாலங்களும் சுரங்கங்களும் மிகத் தொடக்கக் காலத்திலேயே குறுகலாகக் கட்டப்பட்டவை. ஆகவே, அக்காலத்து மின்னோடி 3.5 மில்லிமீட்டர் அளவில் செய்த பிரித்தானிய எந்திரத்தின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே, 16.5 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டார்கள். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ இரயில்கள் இந்த அளவை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

கணக்கிட்டுப் பாருங்கள். உண்மைத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதனை 76.2ஆல் வகுத்தால் 18.83 வரும். 16.5 அல்ல. அதாவது, அந்த மாதிரி எந்திரங்கள் யாவும் 4 அடி 8½ அங்குல அகலத்திற்குப் பதிலாக 4 அடி 1½ அங்குல அகலத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலோர்க்கு இது கண்ணில் படவில்லை, பட்டவர்களுக்கோ பொறுக்கவில்லை. 1960களின் நடுப்பகுதியில் ஒரு சிறு குழுவினர், தண்டவாளம் 18.83 மில்லிமீட்டராகத்தான் இருக்க வேண்டும், சக்கரத்தின் விளிம்பும் அதே விகிதத்தில் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று ஒரு புதிய அளவு முறையை வகுத்து வெளியிட்டனர். ஏறத்தாழ இரண்டேகால் மில்லிமீட்டருக்காக இவ்வளவு பாடா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், அந்த இரண்டேகால் மில்லிமீட்டரைச் சரிசெய்யப் புகுந்தவர்கள் எந்திரத்தின் அடிப்பகுதி முழுவதையும் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய பொம்மையின் சக்கரங்கள் பயன்படவில்லை. அடிச்சட்டங்களைத் தாங்களே செய்ய வேண்டியிருந்தது.

<b>ஒளியும் அமிலமும்</b>

மெல்லிய உலோகத் தகட்டை நுண்ணியதாக வெட்டுவது எளிதன்று. அதுவரை இரம்பமும் அரமும் கொண்டு ஒவ்வொரு துண்டையும் கையால் அறுத்து வந்தனர். ஒரு சன்னல் சட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். இதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது.

அமிலத்தால் உலோகத்தை அரிப்பது மிகப் பழைய கலை. ஐரோப்பாவில் போர்க்கவசங்களுக்கு அழகு செய்யவும், பின்னர் ஓவியங்களை அச்சிடவும் அதனைப் பயன்படுத்தினர். அதனுடன் ஒளியைச் சேர்த்தவர்களில் முதன்மையானவர், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். குரோமிய உப்புக் கலந்த ஜெலட்டின் மீது வெளிச்சம் பட்டால் அது இறுகி, நீரில் கரையாததாகிவிடும். இப்பண்பைக் கொண்டு உலோகத் தகட்டில் படத்தைப் பதித்து அரிக்கும் முறைக்கு அவர் 1852ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1858ஆம் ஆண்டில் அதனை மேம்படுத்தியபோது அரிப்பதற்கு அவர் பயன்படுத்திய பொருள் ஃபெரிக் குளோரைடு. இன்றும் பித்தளையை அரிக்கப் பெரும்பாலும் பயன்படுவது அதே பொருள்தான்.

அடுத்த படி மின்னணுவியலில் நிகழ்ந்தது. ஆஸ்திரியாவிலிருந்து 1936ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்த பால் ஐஸ்லர், வானொலிப் பெட்டிக்குள் சிக்கலாகக் கிடந்த கம்பிகளுக்குப் பதிலாக, செம்புத் தாளில் கோடுகளை மட்டும் விட்டு மற்றவற்றை அரித்து எடுக்கும் முறையை உருவாக்கினார். நம் கைப்பேசி, கணினி ஆகிய அனைத்திலும் உள்ள பச்சைநிற மின்சுற்றுப் பலகையின் மூதாதை அதுவே. அந்தத் தொழில் வளர்ந்தபோது, தகட்டை முழுவதுமாக அரித்துத் துளைத்து நுண்ணிய உறுப்புகளை வெட்டியெடுக்கும் பட்டறைகளும் தோன்றின. மாதிரி இரயில் செய்வோர் அப்பட்டறைகளின் கதவைத் தட்டினர். 1970களில் அரிப்புத் தகட்டு எந்திரங்கள் பரவலாயின.

செய்யும் முறை இதுதான். எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தட்டையாக விரித்து வரைய வேண்டும். தொடக்கத்தில் இதனைப் பல மடங்கு பெரிதாக மையால் வரைந்து, புகைப்படக் கருவியால் சுருக்கினர்; இப்போது கணினியில் வரைகின்றனர். தகட்டின் இருபுறமும் ஒளிக்கு இறுகும் பூச்சைப் பூசி, வரைபடத்தை இருபுறமும் நேருக்கு நேர் வைத்து ஒளியைப் பாய்ச்சுவர். இறுகாத பூச்சைக் கழுவியபின் அமிலத்தைப் பீய்ச்சுவர். இருபுறமும் திறந்திருக்கும் இடத்தில் தகடு துளைபடும். ஒருபுறம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழமே அரிக்கும். அது மடிப்புக்கோடாகவோ, பின்புறத்திலிருந்து ஊசியால் தட்டித் தறையாணித் தலை எழுப்புவதற்கான குழியாகவோ அமையும். அமிலம் பக்கவாட்டிலும் சிறிது அரிக்குமாதலால், அந்த அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வரைய வேண்டும்.

ஓர் எந்திரத்தின் வளைந்த கொதிகலனையும் மடிந்த கூரையையும் தட்டையான தகட்டில் விரித்துக் காட்டுபவருக்கு அவ்வெந்திரம் எவ்வளவு பழக்கமாகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் கணிதப் பாடத்தில் கனசதுரத்தை விரித்து வரையச் சொல்கிறோமே, அதே பயிற்சியின் உச்சம் இது.

<b>எந்திரங்கள் மறைந்த காலம்</b>

இக்கலை வளர்ந்த காலத்தையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டில் பிரித்தானிய இரயில்வே நீராவியைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்திற்கும் மாறும் திட்டத்தை அறிவித்தது. 1960ஆம் ஆண்டில் கடைசி நீராவி எந்திரம் ஸ்விண்டன் பட்டறையில் கட்டி முடிக்கப்பட்டது; அதற்கு மாலை நட்சத்திரம் என்று பொருள்படும் ஈவ்னிங் ஸ்டார் என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், விடைபெறும் பயணமாகக் கடைசி நீராவிச் சிறப்பு இரயில் ஓடியது. ஆயிரக்கணக்கான எந்திரங்கள் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டின் பாரி என்னும் ஊரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கின் உரிமையாளர் எந்திரங்களை உடைப்பதைத் தள்ளிப்போட்டதால், அங்கு வந்த 297 எந்திரங்களில் 213 ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. மற்ற இடங்களில் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. பல வகை எந்திரங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

பொருள் மறைந்தபின் எஞ்சியவை வரைபடங்களும், புகைப்படங்களும், அளவு நாடாவுடன் இரயில் நிலையங்களில் திரிந்தவர்களின் குறிப்பேடுகளும்தாம். அரிப்புத் தகடு இவற்றிலிருந்துதான் எழுந்தது. அழிந்துபோன ஓர் எந்திரத்தை 76இல் ஒரு பங்காகவேனும் மீண்டும் சக்கரத்தின் மீது நிறுத்த வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது எனலாம்.

<b>என் மேசையில் நடந்தது</b>

இனி என் மேசைக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்தது ஆறு சக்கரங்கள் கொண்ட ஒரு பழைய பிரித்தானிய சரக்கு இரயில் எந்திரம். முதன்முறை செய்வோர்க்கு அதுவே ஏற்றது என்றார்கள். அடிச்சட்டத்திற்கு ஜெர்மன் சில்வர் தகடு. பெயரில்தான் வெள்ளி, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் கனம். உண்மை எந்திரத்தின் அடிச்சட்டம் ஓர் அங்குலம் தடித்த எஃகுத் தகடு. அதனை 76ஆல் வகுத்தால் 0.33 மில்லிமீட்டர் வரும். ஏறத்தாழப் பொருந்துகிறது.

ஈயம் பற்றவைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அதிக வெப்பத்தில் உருகும் ஈயத்தால் முதலில் ஒட்ட வேண்டும். அடுத்துச் சேர்க்கும் துண்டுகளுக்கு 145 பாகையில் உருகுவதும், இறுதியில் எளிதில் உருகும் வார்ப்புத் துண்டுகளுக்கு 70 பாகையில் உருகுவதும் வேண்டும். வரிசை மாறினால், புதிய துண்டை ஒட்டும்போது பழைய துண்டு கழன்று விழும். நான் மாற்றிச் செய்தேன், விழுந்தது. இந்த வேலையைச் சன்னல் திறந்திருக்கும் இடத்தில் செய்ய வேண்டும் என்பதையும், கைகளைக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது என்பதையும் பெற்றோர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஈயம் நஞ்சு. அமிலத்தால் அரிக்கும் வேலையோ பட்டறைக்கு உரியது. வீட்டில் பிள்ளைகளுடன் செய்வதன்று.

அடிச்சட்டம் நின்றது. சக்கரங்களைப் பொருத்தி, மூன்று அச்சுகளையும் இணைக்கும் தண்டுகளை இருபுறமும் மாட்டினேன். கையால் உருட்டினால் பாதிச் சுற்று சுழலும். பின்னர் இறுகி நின்றுவிடும். துளையை அரத்தால் பெரிதாக்கினேன். இன்னும் மோசமாயிற்று. மூன்று மாலைப்பொழுதுகள் இப்படியே கழிந்தன.

அக்காலத்தில் என் பெரியப்பா எங்களோடு தங்கியிருந்தார். மலாயா இரயில்வேயில் ஃபயர்மேனாகப் பணியாற்றியவர். கெமாஸ் சந்திப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். கண்பார்வை குறைந்திருந்த காலம் அது. என்ன செய்கிறாய் என்று கேட்டு, எந்திரத்தைக் கையில் வாங்கி, சக்கரங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக் கிராங்க் மேலே இருந்தா, அந்தப் பக்கம் எங்கே இருக்கணும், தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று நினைத்து, கண்ணளவில் ஏதோ ஒரு கோணத்தில் பொருத்தியிருந்தேன். அதுவும் மூன்று அச்சுகளிலும் மூன்று விதமாக.

அவர் விளக்கினார். பிஸ்டன் சிலிண்டரின் ஒரு முனையில் நிற்கும்போது நீராவி எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் சுழலாது. தண்டும் அச்சும் ஒரே கோட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அப்படி நின்றுவிட்டால் வண்டி நிலையத்தைவிட்டுக் கிளம்பவே முடியாது. அதனால் ஒரு பக்கத்துக் கிராங்க் மற்றதைவிட 90 பாகை முன்னால் இருக்க வேண்டும். ஒன்று செத்த நிலையில் இருக்கும்போது மற்றொன்று முழு வலுவோடு இருக்கும். எல்லா அச்சுகளிலும் அந்தக் கோணம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து இறுகும்.

என் மாதிரியில் நீராவி இல்லை. சிறு மின்னோடிதான் ஓட்டுகிறது. என்றாலும் அந்தத் தொண்ணூறு பாகை அங்கேயும் வேண்டும். ஒரு கோணமானியைக் கொண்டு ஒவ்வோர் அச்சாகச் சரிசெய்தேன். எந்திரம் உருண்டது.

பெரியப்பா மகிழ்ந்தார். பின்பு, "இதுக்கு ரெண்டு சிலிண்டர். ஒரு சுத்துக்கு நாலு தட்டுத்தான் கேக்கும். நம்ம ஐம்பத்தாறாம் வகுப்பு எந்திரத்துக்கு மூணு சிலிண்டர். ஆறு தட்டு" என்று சொல்லி, மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். முதலில் நான்கு. பின்னர் ஆறு. புக்கிட்டில் ஏறும்போது அது எப்படி மாறும் என்பதையும் தட்டிக் காட்டினார்.

<b>எது சுருங்கும், எது சுருங்காது</b>

மாதிரி செய்பவர் கற்றுக்கொள்ளும் பாடங்களில் இன்னொன்றையும் கூற வேண்டும். நீளம் 76இல் ஒரு பங்காகும்போது, பரப்பு 5,776இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 4,38,976இல் ஒரு பங்காகிறது. 50 டன் எடையுள்ள ஓர் எந்திரத்தை அவ்வாறே சுருக்கினால் அதன் எடை 114 கிராம்தான். அவ்வளவு இலேசான எந்திரம் தண்டவாளத்தைப் பற்றி இழுக்க முடியாமல் வழுக்கும். ஆதலால் கொதிகலனுக்குள் ஈயத் துண்டுகளை அடைக்கின்றனர். உண்மை எந்திரத்தின் மேல்தகடு கால் அங்குலக் கனம் என்று கொண்டால், மாதிரியில் அது 0.08 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கை பட்டாலே நசுங்கிவிடும். ஆதலால் 0.25 மில்லிமீட்டர் தகட்டையே கொள்கின்றனர்.

வாட் கண்ட அதே உண்மைதான் இங்கும். உருவத்தைச் சுருக்கலாம், இயற்கையின் விதிகளைச் சுருக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டுமானால், மூலப்பொருள் ஏன் அப்படி அமைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். என் தவறு அதனை நன்கு காட்டியது. தண்டு எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் பார்த்து அறிந்திருந்தேன். ஏன் அப்படி என்பதை அறியவில்லை. வகுப்பறையில் நாம் பார்த்து எழுதச் சொல்லும் பயிற்சிகளைப் பற்றி அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். பார்த்து எழுதுவது தாழ்வன்று. காரணம் தெரியாமல் பார்த்து எழுதுவதுதான் மூன்று மாலைப்பொழுதுகளை விழுங்கிவிடுகிறது.

<b>மீண்டும் முழு உருவம்</b>

வரைபடத்தின் வலிமைக்கு ஒரு பெரிய சான்றும் உண்டு. 1948, 1949ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் கட்டப்பட்ட பெப்பர்கார்ன் ஏ1 வகை எந்திரங்கள் 49. 1966ஆம் ஆண்டுக்குள் அனைத்தும் உடைக்கப்பட்டுவிட்டன. ஒன்றும் மிஞ்சவில்லை. 1990ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, அவ்வகையில் ஐம்பதாவது எந்திரத்தைப் புதிதாகக் கட்ட முனைந்தனர். யார்க் நகரத்தில் உள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மூல வரைபடங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு டார்லிங்டன் நகரில் பணி நடந்தது. கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையில் செய்யப்பட்டது. பொதுமக்கள் மாதந்தோறும் அளித்த சிறு தொகைகளும் இதற்கு உதவின. 2008ஆம் ஆண்டில் டார்னேடோ என்னும் அந்த எந்திரம் தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. வரைபடங்களை எவரோ ஒருவர் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் இது இயன்றது.

<b>நம் வீட்டில் உள்ள வரைபடம்</b>

இவ்விடத்தில் நம் நாட்டையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஓடியது. அதன்பின் இந்நாட்டின் இருப்புப்பாதைகளில் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். பாதை போட்டவர்கள், செந்தூல் பட்டறையில் எந்திரங்களைப் பழுதுபார்த்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் விளங்கியவர்கள் எனப் பலர். பெரியப்பா சொன்ன ஐம்பத்தாறாம் வகுப்பு எந்திரங்களும் இப்பாதைகளில் ஓடியவை. அவை கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்தில் 1938 முதல் 1946 வரை கட்டப்பட்டவை. ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு உரியவை. மலாயா ஊர்களின் பெயர்களைத் தாங்கியவை. 1957ஆம் ஆண்டில் டீசல் எந்திரங்கள் வரத் தொடங்கியபின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. தெமர்லோ என்னும் பெயர் கொண்ட ஓர் எந்திரம் பாதுகாக்கப்பட்டது.

எந்திரத்தின் வரைபடம் எங்கேனும் ஓர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்துவிடும். ஆனால், புக்கிட்டில் ஏறும்போது அந்த ஆறு தட்டு எப்படி மாறும் என்பதை எந்த வரைபடத்தில் காண்பது? அதை அறிந்தவர் என் மேசையருகே அமர்ந்திருந்தார். நான் அன்று அதனைக் கேட்டு வியந்தேனே தவிர, ஒரு தாளில் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்கு முன்பே அவர் இறைவனடி சேர்ந்தார்.

எந்திரத்தை முடித்துக் கறுப்பு வண்ணம் பூசி, பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் வந்து பார்க்கும்போது, இணைப்புத் தண்டைச் சுட்டிக்காட்டி, மறுபுறம் எந்த நிலையில் இருக்கும் என்று கேட்பது என் வழக்கம். சிலர் குனிந்து மறுபக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சிலர் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளையிடம் பெரியப்பாவைப் பற்றியும் சொல்வேன்.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரயில்வேயிலோ, ஈயச் சுரங்கத்திலோ, இரப்பர் ஆலையிலோ பணிபுரிந்த முதியவர் உங்கள் வீட்டில் இருப்பின், பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். அவர் கையாண்ட கருவி எப்படி இயங்கியது, ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு படமும் வரையச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போட வேண்டா.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்